மூன்றாம் ஓலைக்கு முன்

மகனே,

ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ சாப்பிட உட்காருவதற்குள் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நீ இப்போது பாதி நாள் கடற்கரைப் பக்கம் கட்டிடம் பார்த்துக்கொண்டு நிற்கிறாய், மீதி நாள் கல்யாண அழைப்பிதழோடு அலைகிறாய். வீட்டில் இருக்கிற கொஞ்ச நேரத்தில் நான் வாயைத் திறந்தால் உன் அப்பா நடுவில் புகுந்து ஏதாவது தமாஷ் சொல்லி, பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய்விடுகிறார். அதனால் கடையில் பில் போடும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இதை வைக்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஒளிக்க ஒன்றும் இல்லை. உன் அப்பா முதல் பக்கத்தை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "இதில என்னப்பத்தி நல்லதா வல்லதும் உண்டா பிள்ளே, இல்ல வழக்கம்போலயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு ஞாயிறுகளாக நம் சபையில் உனக்கும் அவளுக்கும் ஓலை வாசிக்கிறார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு போதகர் கேட்பார். அவள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலிலும் அதையே மலையாளத்தில் விளித்துச் சொல்கிறார்கள். அதே இரண்டு ஞாயிறுகளாக நம் சாப்பாட்டு மேசையில் நீயும் ஓர் ஓலை வாசித்திருக்கிறாய். நம் உதிரிபாகக் கம்பெனியை இந்தச் சந்திலிருந்து மொத்தமாக எடுத்து, நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாறு போகும் சாலையில், கடல் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது என்று. மூன்றாவது வாசிப்பு வரும் ஞாயிறு. முதல் இரண்டு வாசிப்பின்போதும் நான் மீன்முள்ளை எடுப்பதில் கவனமாக இருந்தேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கட்டிடக்காரரிடம் அம்மா சம்மதித்துவிட்டாள் என்றும் சொல்லியிருக்கிறாய். அது சம்மதம் இல்லை.

இந்தக் கடிதம்தான் ஆட்சேபணை என்றும் நினைக்காதே. ஆட்சேபணையை மேசையில் வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அது உன்மேல் திடீரென்று வந்து விழக்கூடாது என்பதற்காகவும், எதனால் இரண்டு ஞாயிறு தயங்கினேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவும்தான் இது. நீ அவளிடமும் படிக்கக் கொடுப்பாய் என்பதால் வீட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்தே சொல்கிறேன்.

உன் தாத்தா, அதாவது என் மாமா, கள்ளிக்காட்டுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஃபிட்டராக இருந்தவர். அந்த வேலையை விட்டு இறங்கி வெள்ளறடையில் ஒற்றை அறையில் கடை போட்டார். ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலருக்குப் பேரிங், நெல் குத்துகிற மில்லுக்கு பெல்ட், பம்புக்கு ஆயில் சீல். இவ்வளவுதான் சரக்கு. அவருக்கு ஒரு பலவீனம், எங்கேயாவது தொழிற்சாலை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் கை நிற்காது. ஒருமுறை கிழக்கே மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு லாரி நிறைய பெல்ட் வாங்கிவந்து இறக்கினார். அத்தனையும் இந்தத் தாலுகாவில் எந்த இயந்திரத்துக்கும் சேராத நீளம். பல வருடம் கழித்து நான் வந்தபோதும் அந்த பெல்ட்டில்தான் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த லாரி வந்த வாரம் வீட்டில் பெரிய சண்டை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யாருக்கோ ஓலை வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தவர், சமாதானமாகப் போகலாம் என்று நினைத்து, "ஒரு கல்யாணத்துக்கு மூணு ஞாயிறு யோசிக்க தாறாங்க. இனி நானும் வல்லதும் பெருசா செய்யதுக்கு முன்ன ஒரு ஞாயிறு உங்ககிட்ட சொல்லுதேன்" என்றாராம். மாமி அகப்பையைக் கீழே வைக்காமலே, "ஒண்ணு போராது. மூணும் வேணும்" என்றாராம்.

அன்றிலிருந்து கம்பெனி சம்பந்தமாக எந்தப் பெரிய காரியமும் மூன்று ஞாயிறு மேசையில் வாசிக்காமல் நடந்ததில்லை. சோறு பரிமாறிய பிறகுதான் வாசிக்க வேண்டும். அந்த மேசையில் சாப்பிடுகிற யாரும் ஆட்சேபணை சொல்லலாம். மூன்றாவது ஞாயிறு முடிந்துவிட்டால், பிறகு யாரும் "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லக்கூடாது. இந்தக் கடைசி விதிதான் மாமா தனக்காகச் சேர்த்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆனபோது மாமா கடையை மாற்ற ஓலை வாசித்தார். வெள்ளறடைக்குப் பார்சல் லாரி வருவதில்லை, அதனால் கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் போய்விடலாம் என்று. முதல் இரண்டு ஞாயிறும் எல்லாரும் தலையாட்டினார்கள். மூன்றாவது ஞாயிறு அவர் ஆட்சேபணை உண்டா என்று ஒரு சடங்குக்காகக் கேட்டுவிட்டு மோர்க் குவளையை எடுக்கப் போனார். "மாமா, எனக்கு ஒரு ஆட்சேபணை உண்டு" என்றேன். மேசைக்கு அடியில் உன் அப்பா என் காலை மிதித்தார்.

"சொல்லு மோளே" என்றார் மாமா.

"மில்லு வச்சிருக்க நம்ம ஆளுக எல்லாரும் இந்தப் பக்கம். கடை அந்தப் பக்கம் ஆச்சுன்னா ஒரு ஆயில் சீல் வாங்கினாலும் சோதனைச் சாவடியில பேப்பர் காட்டணும். ரோலர் நின்னு, ரப்பர் பால் உறைஞ்சு போயிட்டிருக்கும்போ எவன் மாமா பேப்பர் எழுதிட்டு நிப்பான்?"

அவர் மோர்க் குவளையைத் தள்ளி வைத்தார். பிறகு உன் அப்பாவைப் பார்த்து, "எலே, கேட்டியா? எனக்கு ஓர்ம வச்ச நாள்ல இருந்து கோயில்ல ஓலை வாசிக்காங்க. ஒருத்தன் எழும்பி ஆட்சேபணை சொல்லி நான் பாத்ததில்ல. நம்ம வீட்டில ஒருத்தி எழும்பியாச்சு. இவளுக்கு ஒரு துண்டு மீன் கூட வையி" என்றார். கடை எல்லைக்கு இந்தப் பக்கம், பாறசாலையில் நெடுஞ்சாலை ஓரத்துக்கு வந்தது அப்படித்தான். நீ பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில்.

நான் கவுண்டருக்கு வந்ததும் அங்கேதான். ஒரு மரமில்காரர் தேய்ந்த பேரிங்கைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்து, என்னைப் பார்த்துவிட்டு, "ஆம்பிளைக ஆரும் இல்லியா?" என்று கேட்டார். நான் வெர்னியர் அளவுகோலை எடுத்து உள்வட்டம், வெளிவட்டம், தடிமன் மூன்றையும் அளந்து நம்பரைச் சொன்னேன். "இருக்காரு, சாயா குடிக்கப் போயிருக்காரு. வந்தாலும் அவரு என்கிட்டதான் கேப்பாரு" என்றேன். அதற்குப் பிறகு அவர் உன் அப்பா கடையில் இருந்தால், நான் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உன் அப்பாவுக்கு அதில் இன்றுவரை வருத்தம் கிடையாது. சாயா குடிக்க வசதியாகப் போயிற்று என்பார்.

பிறகு ஜி.எஸ்.டி. வந்தது, சோதனைச் சாவடி போனது. சாவடி இருந்தவரை அது நமக்குத் தொல்லை என்றே நினைத்திருந்தோம். போன பிறகுதான் அது நமக்கு ஒரு மதிலாகவும் இருந்தது என்று தெரிந்தது. கோயம்புத்தூரிலிருந்து பார்சல் நேரே மில் வாசலில் போய் இறங்கத் தொடங்கியது. பழைய ஆட்கள் விலை மட்டும் கேட்டு நமக்கு போன் செய்தார்கள், சரக்கு வேறு இடத்தில் வாங்கினார்கள். அந்த நேரத்தில்தான் சாலையை அகலப்படுத்த அளந்தவர்கள் நம் கடைக்கு உள்ளேயே, பெல்ட் தொங்குகிற சுவருக்கு முன்னால், அடையாளக் கல் நட்டார்கள். உன் அப்பா வந்தவர்களிடமெல்லாம், "கல்லு மேல இருங்க, கவர்மெண்ட் நாற்காலி ஆக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிடத்தின் சொந்தக்காரருக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. அவர் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதே மழைக்காலத்தில் மாமாவும் போய்விட்டார்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். மாமா இல்லாமல் நடந்த முதல் ஓலையை உன் அப்பா வாசித்தார். தனுவச்சபுரம் போகும் வழியில் ஒரு சந்தில் விசாலமான கட்டிடம் இருக்கிறது, அங்கே போகலாம் என்று. மாமா உட்காரும் நாற்காலியில் அன்றுதான் முதன்முதலாக உட்கார்ந்தார். குரல் நேராக வரவில்லை, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தார். நான் அதற்கு முந்தின நாளே அந்தச் சந்துக்குப் போய் டேப் வைத்து அளந்திருந்தேன். சந்தின் வளைவில் பார்சல் லாரி திரும்பாது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. முதல் ஞாயிறு போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவது ஞாயிறு அவர், "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தை மட்டும் பார்த்தார். நான், "கொஞ்சம் கூட சோறு போடட்டா?" என்று கேட்டேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீ அப்போது தனுவச்சபுரத்தில் படித்துக்கொண்டிருந்தாய். லாரி ஜங்ஷனில் நிற்கும், சரக்கை அங்கே இறக்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு முறை ஏற்றி இரண்டு முறை இறக்குவது. ஒரு நாள் இரும்புக் குண்டுகள் இருந்த சாக்கு சந்தின் மேட்டில் வைத்துக் கிழிந்தது. ஆயிரக்கணக்கில் குண்டுகள் சரிவில் ஓடின. பஸ்ஸுக்கு நின்ற மாணவர்கள் எல்லாரும் புத்தகத்தை மதில்மேல் வைத்துவிட்டுக் குனிந்து பொறுக்கினார்கள், நீயும்தான். ஒரு பையன் என்னிடம், "ஆன்ட்டி, இது மாதிரி தினமும் கொட்டினா எங்களுக்கு முதல் பீரியட் இருக்காது" என்றான். எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்த உன் அப்பாவிடம், "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் நிமிரவில்லை. கையில் இருந்த குண்டுகளை ஒவ்வொன்றாகப் பாத்திரத்தில் போட்டார். பிறகு, "தெரிஞ்சா சொல்லணும் ஆக்கும். மூணு ஞாயிறு உண்டாயிருந்துல்லா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் வாயிலிருந்து ஒரு தமாஷ் வரவில்லை. நீ அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். சந்துக்கு வந்ததில் அவருக்கு வருத்தம் இல்லை. தன்னால் ஆட்சேபணையைத் தாங்க முடியாது என்று நான் நினைத்ததுதான் அவரைச் சுட்டது. தன் அப்பாவிடம் ஏழு மாத மருமகளாக எழுந்து சொன்னவள், தன்னிடம் சோறு போடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவர் மேல் உள்ள பிரியத்தில்தான் பேசாமல் இருந்தேன். ஆனாலும் அது அவருக்குச் செய்த மரியாதைக் குறைவுதான். அவரிடம் அதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். "சரி, அடுத்த ஓலைக்குப் பாப்போம்" என்றார். அடுத்த ஓலை உன்னுடையதாக வந்திருக்கிறது.

நீ சொல்வதில் பாதி சரி. மலைப்பக்கம் ரப்பரை வெட்டிவிட்டார்கள், ரோலர் பல வீடுகளில் மூலையில் கிடக்கிறது. நம் ஆர்டரில் பெரும்பகுதி இப்போது ஐஸ் கம்பெனிகளிலிருந்தும் படகு வேலை செய்கிற இடங்களிலிருந்தும் வருகிறது. இந்தச் சந்தை விட்டுப் போவதில் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. எனக்கு இருக்கும் ஆட்சேபணை உப்புக்காற்று. நாம் விற்பது இரும்பு. கவர் பிரித்த பேரிங், எண்ணெய் துடைத்த ஷாஃப்ட், அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கிற நட்டும் போல்ட்டும். அதையெல்லாம் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கொண்டுபோய் அடுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதைச் சொல்வதற்கு ஏன் இரண்டு ஞாயிறு தயங்கினேன் என்று கேட்பாய். நம் சபையில் சிலர் உன் கல்யாணத்தைப் பற்றி என்னிடம் விசாரிக்கும்போது, "கடப்புறத்துப் பிள்ளையா?" என்று, கடற்கரைக்காரர்கள் ஒரு படி கீழே என்கிற மாதிரி இழுத்துக் கேட்டார்கள். அந்த இழுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கோயிலில் மூன்றாவது ஓலை வாசித்த அதே மதியம் நான் எழுந்து, கடற்கரை வேண்டாம் என்று சொன்னால், அது அந்த இழுப்போடு சேர்ந்துவிடும் என்று பயந்தேன். மாமியாருக்குக் கடற்கரை பிடிக்கவில்லை என்று அவள் வீட்டில் ஒரு தடவை விழுந்துவிட்டால், அதை எந்தத் துடைப்பானாலும் துடைக்க முடியாது. அதனால் முதலில் எனக்கே உறுதியாகத் தெரியட்டும் என்று ஒரு காரியம் செய்தேன். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பேரிங் எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் இல்லாமல் துடைத்தேன். ஒன்றை நம் ஸ்டோரில் வைத்தேன். அழைப்பிதழ் விஷயம் பேச அவள் வீட்டுக்குப் போன அன்று, மற்றதை நீ பார்த்திருக்கிற கட்டிடத்தின் ஜன்னல் கம்பியில் தேதி எழுதிய சீட்டோடு கட்டிவிட்டு வந்தேன். உன் அப்பா வெளியே நின்று யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். இந்த வயதில் இரண்டு பேரும் செய்கிற காரியமா என்று நீ சிரிக்கலாம்.

நாலாவது நாள் போன் வந்தது. அவள்தான். அந்தக் கட்டிடம் அவள் அப்பாவின் ஐஸ் கம்பெனிக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது என்பதையும், ஐஸ் கம்பெனியை இப்போது நடத்துவது அவள்தான் என்பதையும் நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

"ஆன்ட்டி, ஜன்னல்ல ஒரு பேரிங் கெட்டி வச்சிருக்கே, அது நீங்க வச்சதா?"

"ஆரு மோளே சொன்னது?"

"சொல்ல ஆளு வேணுமா? எங்களுக்கு வாற பில்லில உள்ள அதே கையெழுத்து சீட்டில இருக்கு."

"நான்தான் வச்சேன். சும்மா ஒரு இதுக்கு..."

"சும்மா ஒண்ணும் இல்ல, எனக்குத் தெரியும். உள் வளையத்தில துரு வந்தாச்சு ஆன்ட்டி. போட்டோ எடுத்து அனுப்பட்டா?"

அவளே தொடர்ந்தாள். "எங்க அப்பா இத்தன வருசமா ஐஸ் கம்பெனி வச்சிருக்காரு, ஒரு ஸ்பேர் பேரிங் இங்க வைக்க மாட்டாரு. உப்புத் தண்ணி கலக்குற மோட்டார் நின்னா உடனே பைக்கில உங்க கடைக்குத்தானே ஆளு விடுவோம்."

"அவன்கிட்ட நீ சொல்லலையா?"

"சொன்னேன். நான் சொன்னா கேக்குற நிலைமையிலயா இருக்காரு? எனக்குப் பக்கத்தில கடை வரணும்னு நினைக்காரு. அத நான் எந்த வாயால வேண்டாம்னு சொல்ல? நீங்க ஆட்சேபணை சொல்லுங்க ஆன்ட்டி. எங்க வீட்டில ஆரும் தப்பா எடுக்க மாட்டாங்க, அத நான் பாத்துக்கிடுதேன்."

போட்டோவும் அனுப்பினாள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்திருந்தாள், அளவு தெரிவதற்காக. நம் ஸ்டோரில் இருக்கும் பேரிங் வைத்த அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. அந்தப் போட்டோவை நான் உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் துருவைப் பார்க்கவில்லை. "தீப்பெட்டி வச்சிருக்கா பாத்தியா? இவ கவுண்டருக்கு வந்தா எனக்கு நிரந்தரமா சாயா குடிக்கப் போகலாம்" என்றார்.

மகனே, நீ இனி பல ஓலை வாசிக்க வேண்டியிருக்கும். வீட்டிலும் வாசிக்க வேண்டியிருக்கும். ஒரு காரியத்தைப் பிரியத்துக்காகச் செய்தால், பிரியத்துக்காகச் செய்கிறேன் என்று சொல்லி வாசி. ஐஸ் கம்பெனி, ஆர்டர், வாடகை என்று காரணம் அடுக்கி வாசிக்காதே. நீ அவளுக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்படுவதை மேசையில் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டோம், உன் அப்பாவைத் தவிர. அவள் உன் பக்கத்தில்தான் இருக்கப் போகிறாள். சரக்கு அங்கே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சாலைக் கல் நெருங்காத, லாரி திரும்புகிற, காற்றில் உப்பு இல்லாத இடம் நெய்யாற்றின்கரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. எங்கே என்பதை எழுதவில்லை, அதை மேசையில் பேசுவோம்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அவளையும் சாப்பிட அழைக்கலாம் என்று நேற்று உன் அப்பாவிடம் சொன்னேன். அந்த மேசையில் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் உரிமை, கல்யாணத்துக்கு முன்னால் பெண் வந்து மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டால் ஊர் கேட்கும் என்றார். "என்ன கேக்கும்? மீன் நல்லா இருந்துதான்னு கேக்கும்" என்றேன். நான் வந்த ஏழாவது மாதம் எழுந்து பேசினேன், அதற்கு முன்னால் பேச எனக்கு இடம் இல்லை. அவளுக்கு அந்த ஏழு மாதம் வேண்டாம். நம் கோயிலில் ஆராதனை முடிந்ததும் நேரே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா. நீங்கள் வரும்வரை சோறு பரிமாறமாட்டோம். நீ உன் ஓலையை மூன்றாவது முறை வாசி, கூச்சப்படாமல் உரக்க வாசி. பிறகு ஆட்சேபணை உண்டா என்று கேள். துருவைப் பார்த்தவள் அவள், அவளே எழுந்து சொல்லட்டும். அவளுக்கு அடுத்து நான் எழுந்து நிற்கிறேன்.

அம்மா